தலைதீபாவளிக்குக் கேட்ட கம்ப்யூட்டர்

கெடார்
19-8-2013

அன்பு மாப்பிள்ளை அரிபிரசாத் அவர்களுக்கு மாமனார் பச்சமுத்து எழுதுவது.

நானும் உங்கள் அத்தை பவுனும் இங்கே சௌக்கியம். திண்டிவனத்தில் நீங்களும் சம்பந்தி அம்மாவும் சௌக்கியமாக இருக்க மாரியாத்தா துணை. இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிக்காதீர்கள். இருபத்தாறு வருடமாகக் கிளைத் தபால் ஆபீசில் ஊரார் கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்துகிறவன், என் பங்குக்கு ஒன்று எழுதக் கூடாதா? போனில் பேசினால் நீங்கள் "சரிங்க மாமா, சரிங்க மாமா" என்கிறீர்கள். வைத்த பிறகு யோசித்தால் எதற்குச் சரி சொன்னீர்கள் என்றே விளங்குவதில்லை.

தலைஆடிக்கு அழைக்க வந்தேன். செந்தாமரைக்குக் காய்ச்சல் என்றீர்கள். சரி என்று திரும்பும்போது வாசலில் சம்பந்தி அம்மா, அவள் ரேஷன் கடைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். நல்ல காய்ச்சல்தான். நான் அப்படியே பஸ் ஏறினேன்.

அவள் என்னோடு பேசி இரண்டரை வருடம் ஆகிறது. உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒரே வீட்டில் சோறு தின்றுகொண்டே ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவள். கல்யாண மேடையில் காலில் விழுந்தபோதுகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. காரணம் பழைய கதை, இப்போது எதற்கு? ஆடி போகட்டும். நவம்பர் இரண்டாம் தேதி தீபாவளி. தலைதீபாவளிக்கும் பெண்ணும் மாப்பிள்ளையும் வரவில்லை என்றால் இந்த ஊரில் நான் தலைகாட்ட முடியாது. அத்தை இப்போதே அழத் தொடங்கிவிட்டாள். எப்படியாவது பெண்ணை அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

சீராக மோதிரம் போடுவது எங்கள் வழக்கம். மோதிரம் வேண்டாம், வண்டிதான் வேண்டும் என்றாலும் சரி, தயங்காமல் எழுதுங்கள். நிலத்தில் மல்லாட்டைப் பயிர் இந்த வருடம் நன்றாக விளைந்திருக்கிறது. நீங்கள் கேட்டதைச் செய்யாவிட்டால் நான் பச்சமுத்து இல்லை.

அன்புடன்,
மாமா பச்சமுத்து


திண்டிவனம்
27-8-2013

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. ரேஷன் கடை விஷயத்தில் வெட்கமாகப் போய்விட்டது. அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது என்பதை நான் யோசிக்கவில்லை.

எனக்கு மோதிரம் வேண்டாம், வண்டியும் இருக்கிறது. சீராக ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். ஆபீஸ் வேலைக்கு இல்லை, கேம் விளையாட. கடையில் மூடிய பெட்டியாக விற்பது வேண்டாம். அதற்கு விலையும் அதிகம், பிறகு உள்ளே எதையும் மாற்றவும் முடியாது. தனித்தனி சாமானாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளலாம். பட்டியல் இத்துடன் இருக்கிறது.

பட்டியலில் இரண்டு விஷயம் உங்களுக்கு விசித்திரமாகத் தெரியும். கேபினட் என்னும் பெட்டி தேவைக்கு மேல் பெரியதாக இருக்கும். எஸ்எம்பிஎஸ், அதாவது கரண்ட் கொடுக்கும் பாகம், இப்போதைக்கு முந்நூறு வாட் போதும், ஆனால் ஐந்நூற்றைம்பது எழுதியிருக்கிறது. அதில் கஞ்சத்தனம் பார்த்தால் பிறகு மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டிவரும். ராம் என்னும் மெமரி ஒன்று போதும், பக்கத்தில் இன்னொன்றுக்கு இடம் காலியாக இருக்கட்டும். படத்தை ஓட்டும் கிராபிக்ஸ் கார்டும் இப்போது சின்னது போதும். பொங்கல் சீருக்கு ஒரு ராம், அடுத்த வருடம் நல்ல கார்டு என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

ஒரு வேண்டுகோள். எல்லாவற்றையும் விழுப்புரத்தில் விருத்தாசலம் என்பவர் கடையில்தான் வாங்க வேண்டும். முகவரி பட்டியலின் பின்பக்கம். நீங்களே நேரில் போக வேண்டும்.

தீபாவளிக்கு வருவதைப் பற்றி இப்போது என்னால் உறுதி சொல்ல முடியவில்லை.

தங்கள்,
அரிபிரசாத்


கெடார்
3-9-2013

மாப்பிள்ளை அவர்களுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு அரை மணி நேரம் ஆபீசில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மணியார்டர் வாங்க வந்த கிழவி, "இன்னா சாமி, யாரு செத்தாங்க?" என்று கேட்டாள். கேம் விளையாட! இருபத்தெட்டு வயதில்! பெண் கொடுக்கும் முன் திண்டிவனத்தில் பதினோரு பேரிடம் விசாரித்தேன். பையன் பீடி குடிப்பானா, சீட்டு ஆடுவானா, கடன் உண்டா என்று கேட்டேன். கம்ப்யூட்டரில் விளையாடுவானா என்று கேட்கத் தோன்றவில்லையே. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இதில் பொங்கலுக்கு ராம் வேறு! ஊரில் பொங்கல் சீர் என்றால் பானை, கரும்பு, மஞ்சள் கொத்து. வளைகாப்பு வந்தால் தட்டில் வளையலுக்குப் பக்கத்தில் எதை வைக்கச் சொல்வீர்கள்? எலி பிடிக்கிற மவுசா? அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "ஐயோ, எம் பொண்ண வெளையாட்டுப் பைத்தியத்துக்குக் குடுத்துட்டியே" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆயிரம் கையெழுத்துப் பார்த்தவன் நான். பட்டியல் உங்கள் எழுத்து இல்லை, அவள் எழுத்து. உங்கள் விளையாட்டுச் சாமானுக்கு அவள் கையாலேயே பட்டியல் எழுதி வாங்கியிருக்கிறீர்கள். அவள் ஆடிக்கும் வராமல் இருந்ததன் காரணம் இப்போதல்லவா புரிகிறது? உங்கள் வீட்டில் அவள் நன்றாகத்தான் இருக்கிறாளா? விதைக் கம்பெனி வேலைக்கு ஒழுங்காகப் போகிறீர்களா, அதையாவது உள்ளபடி எழுதுங்கள்.

வருகிற 15-ஆம் தேதி ஞாயிறு என் பங்காளி சீனுவாசனையும் பெரியவர்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு திண்டிவனம் வந்து உட்கார்ந்து பேசலாம் என்று இருக்கிறேன். கேட்டதைச் செய்வேன் என்று வாய்விட்டவன் நான், வாங்கித் தருவதில் பின்வாங்க மாட்டேன். ஆனால் என் மனசு ஆறவில்லை.

பச்சமுத்து


திண்டிவனம்
9-9-2013

மாமா அவர்களுக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன். வேலைக்கு ஒழுங்காகப் போகிறேன். செந்தாமரை நன்றாக இருக்கிறாள். இந்த இரண்டையும் அம்மாவிடம் போனில் கேட்டுக்கொள்ளலாம். அவருக்குப் பொய் வராது என்பதுதான் உங்களுக்கே தெரியுமே.

யாரையும் கூட்டிக்கொண்டு வர வேண்டாம் மாமா. முக்கியமாக சீனுவாசன் மாமா வேண்டாம். வருகிற சனிக்கிழமை பட்டியலை எடுத்துக்கொண்டு நீங்கள் மட்டும் விருத்தாசலம் கடைக்குப் போய் வாருங்கள். பட்டியலை அவர் கையில் கொடுங்கள், அது போதும். அதன் பிறகும் என்னைத் திட்ட வேண்டும் என்று தோன்றினால் நான் கெடாருக்கே வந்து நின்று வாங்கிக்கொள்கிறேன்.

இதற்கு மேல் எழுதக் கூடாது என்று எனக்கு உத்தரவு.

தங்கள்,
அரிபிரசாத்


கெடார்
15-9-2013

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

முதலில் என்னை மன்னிக்க வேண்டும்.

நேற்றுக் கடைக்குப் போனேன். மாடியில் சின்னக் கடை. கண்ணாடி போட்ட ஒருவர் ஏதோ பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தார். பட்டியலைக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"இது நம்ம செந்தாமரை எழுத்தாச்சே! எப்பிடி கீது அந்தப் பொண்ணு? நீங்க யாருங்க?"

"அவ அப்பன்" என்றேன்.

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "அன்னிக்கி என் கடைக்குள்ள பூந்து இழுத்துக்கினு போயி அடிச்சீங்களே, அந்த அப்பாவா?" என்றார்.

எனக்கு அவரை அடையாளமே தெரிந்திருக்கவில்லை. அந்த நாளில் அவர் கீழ்த்தெருவில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தாராம். எல்லோரும் போனிலேயே பார்க்க ஆரம்பித்ததும் அதை மூடிவிட்டு இந்தக் கடை போட்டாராம். உங்களிடம் மறைத்த அந்தப் பழைய கதையை இப்போது சொல்லிவிடுகிறேன். அவள் விழுப்புரத்தில் பி.சி.ஏ. இரண்டாம் வருடம் படித்தாள். 2011 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை சீனுவாசன் ஓடிவந்து, "உம் பொண்ணு எவனோ ஒருத்தனோட பிரவுசிங் சென்டர்ல பூந்துக்கினு கீது" என்றான். நான் போய் நடுத்தெருவில் வைத்து நாலு அறை கொடுத்து அழைத்து வந்தேன். படிப்பை நிறுத்தினேன். அதை முன்பே சொல்லாமல் பெண் கொடுத்ததற்காகவும் நீங்கள் மன்னிக்க வேண்டும்.

விருத்தாசலம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பையனா? எந்தப் பையன்? என் கடையில ஆறு மிசினு. ஒண்ணு மாத்தி ஒண்ணு பேஜாரு பண்ணும். அந்தப் பொண்ணுதான் ராம கழட்டி, ரப்பர் போட்டுத் தேச்சி, மறுபடி மாட்டும். உடனே ஓடும். அதுக்குப் பதிலா சனிக்கெழம ஒரு மணி நேரம் கார் ரேஸு விளையாடிக்கும், நான் காசு வாங்க மாட்டேன். விளையாடசொல்லோ பக்கத்துல இடி உழுந்தாலும் திரும்பாது. ஒருத்தன்கிட்டயும் ஒரு பேச்சு பேசினதில்ல. அத எல்லார் எதுருலயும் அடிச்சிக்கினு போறீங்க. நான் பின்னாடியே ஓடியாந்து சொல்றேன், நீங்க காதுலயே வாங்கல."

இடிந்துபோனேன் மாப்பிள்ளை. நாற்காலி போட்டார்கள், உட்காரக்கூடத் தோன்றவில்லை. இந்தப் பட்டியலும் உங்களுக்கு இல்லை, அவளுக்கு என்று அப்போதுதான் உறைத்தது. விளையாடுவது நீங்கள் இல்லையாம், என் பெண்ணாம்! சொன்னால் யார் நம்புவார்கள்? உங்களைப் போய் விளையாட்டுப் பைத்தியம் என்று எழுதினேனே, அதற்கு மன்னிப்பு. பெரியவர்களைக் கூட்டிவந்து பேசுவேன் என்று மிரட்டினேனே, அதற்கும் மன்னிப்பு. மாப்பிள்ளையைச் சந்தேகித்தவன் என்ற பழி எனக்கு வேண்டாம். சம்பந்தி அம்மாவும் பெரிய மனது வைத்து மன்னிக்கச் சொல்லுங்கள்.

பட்டியலில் இருந்த அத்தனையும் வாங்கி, இரண்டு அட்டைப்பெட்டியில் கட்டி, தெரிந்த கண்டக்டரிடம் கொடுத்திருக்கிறேன். கொடுத்த காசுக்கு மேல், மிசினின் சூடு தணிக்கும் ஒரு சின்ன விசிறியை விருத்தாசலம் தன் கணக்கில் சேர்த்து வைத்தார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. அப்பன்தானே அடித்தான், அதை இனி மனதில் வைக்க வேண்டாம் என்று அவளிடம் நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள். தீபாவளிக்கு இருவரும் வந்துவிட வேண்டும். அத்தை துணி எடுத்துவிட்டாள்.

பணிவுடன்,
பச்சமுத்து


திண்டிவனம்
24-9-2013

மாமா அவர்களுக்கு,

பெட்டிகள் பத்திரமாக வந்து சேர்ந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்தில் செய்தித்தாளை விரித்துப் போட்டு செந்தாமரை உட்கார்ந்தாள். என் வேலை ஸ்க்ரூவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது. பிராசஸரைப் பொருத்தி அதன் தலையில் கடுகளவு வெள்ளைப் பசை வைத்தாள். "இன்னாம்மா, மிசினுக்குச் சுண்ணாம்பா?" என்று அம்மா கேட்டார். சூட்டை இழுத்து மேலே இருக்கும் விசிறிக்கு அனுப்பும் பசையாம் அது. எல்லாம் மாட்டி முடித்த பிறகு அம்மா உள்ளே எட்டிப் பார்த்து, "பொட்டி பாதி காலியா கீதே, உங்க அப்பாவ ஏமாத்திட்டாங்களா?" என்றார். "இல்ல அத்த, அது அப்பறமா வாங்கி மாட்றதுக்கு" என்று அவள் சொன்னாள். முதல் தடவை போட்டதும் ஓடியது. அன்று மாலை அவள் கார் ஓட்டியதைப் பார்த்து எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. இப்படி வண்டி ஓட்டுகிறவளை, என் வண்டியில் பின்னால் உட்காரத்தான் லாயக்கு என்று நான் இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கல்யாணம் ஆன இரண்டாம் மாதம் கம்பெனி கம்ப்யூட்டர் கெட்டுப்போய் வீட்டுக்கு எடுத்து வந்தேன். பத்து நிமிடத்தில் சரிசெய்தாள். எங்கே கற்றாய் என்று கேட்டதற்கு அழ ஆரம்பித்துவிட்டாள். அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னாள். நானே ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தருகிறேன் என்றேன். "வேணாம். எங்க அப்பா வாங்கித் தரணும். நான் கேட்டா செருப்புதான் வரும். நீங்க சீருன்னு கேளுங்க, ஓடிப் போயி வாங்குவாரு" என்றாள். அவள் சொன்னபடிதான் நடந்தது.

ஒன்றைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. அன்று அந்த அடி விழுந்திருக்காவிட்டால் அவள் படித்து முடித்து எங்கேயோ வேலைக்குப் போயிருப்பாள். எனக்கு மனைவியாக வந்திருக்க மாட்டாள். அதனால் உங்களைக் கோபித்துக்கொள்ளவும் எனக்கு வாய் வரவில்லை, பரவாயில்லை என்று சொல்லவும் வரவில்லை.

நீங்கள் எடுத்துச் சொல்லச் சொன்னதை நான் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தையே அவளிடம் கொடுத்துவிட்டேன். அவள் எழுதித் தந்தது இத்துடன் இருக்கிறது. ஒட்டித்தான் கொடுத்தாள், நான் படிக்கவில்லை.

தங்கள்,
அரிபிரசாத்


24-9-2013

அப்பாவுக்கு,

அந்தக் கடைக்கு உங்களை அனுப்பியது நான்தான். வேறு யார் சொன்னாலும் நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள்.

நீங்கள் இவருக்கு எழுதியதைப் படித்தேன். மன்னிப்பு ஐந்து இடத்தில் வருகிறது, எண்ணிப் பார்த்தேன். நான்கு இவருக்கு, ஒன்று இங்கே என் அத்தைக்கு. எனக்கு ஒன்றுகூட இல்லை. என் பெயரைக்கூட நீங்கள் எழுதவில்லை. விருத்தாசலம் அண்ணன் சொன்னதாகத்தான் ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது. அடி வாங்கியது நான் அப்பா. இவர் இல்லை.

பதினெட்டு மாதம் படித்த படிப்பை விட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். தெருவில் போனால் "எவன் கூடவோ மாட்டிக்கினாளே, அந்தப் பொண்ணு" என்றார்கள். நான் ஏன் வாயைத் திறந்து சொல்லவில்லை என்று அம்மா இப்போது கேட்கும். கார் ரேஸ் விளையாடப் போனேன் என்று சொன்னால் நீங்கள் நம்பியிருப்பீர்களா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

நாலு பேர் பார்க்கத்தான் அடித்தீர்கள். மாப்பிள்ளைக்குக் கடிதம் எழுதி அதைச் சரிசெய்ய முடியாது. விருத்தாசலம் அண்ணன் முன்னால், சீனுவாசன் சித்தப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என்மேல் தப்பு இல்லை என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும். அதைச் செய்யாமல் நான் அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். தீபாவளியானாலும் சரி, வேறு எதுவானாலும் சரி.

கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறது.

செந்தாமரை


கெடார்
6-10-2013

செந்தாமரைக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதத்தை அம்மாவிடம் காட்டினேன். அவள் என்னோடு மூன்று நாள் பேசவில்லை.

நேற்றுச் சனிக்கிழமை சீனுவாசனைக் கூட்டிக்கொண்டு விழுப்புரம் போனேன். எதற்கென்று சொல்லவில்லை, சொன்னால் வந்திருக்க மாட்டான். கடையில் விருத்தாசலம், பிரிண்டர் ரிப்பேருக்கு வந்த ஒரு டீச்சரம்மா, காலேஜ் பிள்ளைகள் இருவர் இருந்தார்கள். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னேன். "எம் பொண்ணு செந்தாமரை ஒரு தப்பும் பண்ணல. நான்தான் நடுத்தெருவுல வச்சி அடிச்சேன், படிப்ப நிறுத்தினேன். தப்பு என்னுது" என்றேன். சீனுவாசன் முகம் செத்துப்போய்விட்டது. "இன்னாண்ணா, இதுக்குப் போயா என்ன இட்டாந்தே? வா ஜல்தி, பஸ்ஸு போயிடும்" என்று சட்டையைப் பிடித்து இழுத்தான். கையை உதறிவிட்டு மறுபடியும் ஒரு முறை சொன்னேன். விருத்தாசலம் தலையை ஆட்டினார். அந்தப் பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன் என்று இதோடு முடித்திருப்பேன். ஆனால் நெஞ்சில் கை வைத்துச் சொல் என்று எழுதியிருக்கிறாய். நேற்று ராத்திரியிலிருந்து அதுதான் குடைகிறது. நீ கேட்காத ஒன்று இருக்கிறது. அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

அன்று பிரவுசிங் சென்டர் வாசலில் பச்சைத் துணி தொங்கியது. உள்ளே போவதற்கு முன் அதை விலக்கிப் பார்த்தேன். நீ முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாய். உன் இரண்டு பக்கமும் நாற்காலி காலி. கம்ப்யூட்டர் கண்ணாடியில் ஒரு சிவப்புக் கார் ஓடிக்கொண்டிருந்தது. பெண் தனியாக உட்கார்ந்து ஏதோ விளையாடுகிறாள் என்று எனக்கு அன்றைக்கே தெரியும் செந்தாமரை.

பின்னால் சீனுவாசன் நின்றான். எதிர் டீக்கடையில் நம் ஊர்க்காரர்கள் மூன்று பேர் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இன்னாண்ணா, பாத்தியா?" என்று அவன் கேட்டான். ஒன்றும் இல்லை என்று சொல்லத்தான் திரும்பினேன். அவர்கள் முகத்தைப் பார்த்ததும் வாய் எழவில்லை. ஒன்றும் இல்லாததற்கா பச்சமுத்து இப்படி வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடிவந்தான் என்று சிரிப்பார்களே என்று இருந்தது. அதனால்தான் உள்ளே போய் உன்னை வெளியே இழுத்து வந்து அடித்தேன். பையன் பின்பக்கமாக ஓடியிருப்பான் என்று வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் கடைக்குப் பின்வாசலே கிடையாது.

போன மாதம் விருத்தாசலம் சொன்னதைக் கேட்டு இடிந்துபோனேன் என்று மாப்பிள்ளைக்கு எழுதினேன். இடிந்துபோனது நிஜம். புதிதாக ஒன்று தெரிந்ததால் இல்லை. எனக்கு மட்டும் தெரியும் என்று இருந்தது இன்னொருவருக்கும் தெரிந்திருக்கிறதே என்றுதான்.

என்னை மன்னித்துவிடு. இதைப் படித்த பிறகு தீபாவளிக்கு வா என்று உன்னைக் கூப்பிட எனக்கு யோக்கியதை இல்லை. வருவதும் வராததும் உன் இஷ்டம். நீ வராவிட்டால் ஏன் வரவில்லை என்று ஊரில் கேட்பார்கள். தப்பே இல்லை என்று தெரிந்தும் நான் அடித்தேன், அதனால் வரவில்லை என்று சொல்வேன்.

அப்பா